அணையா மெட்டி

கருணாகரன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். அந்தப் பட்டத்தால் அவனுக்குக் கிடைத்த பலன், ஊர் ஊராகப் போய்ப் பெண்களின் காலடியில் உட்காருவது. வேலூர், ஆம்பூர், குடியாத்தம் என்று எந்த வீட்டுக்குப் போனாலும் இரும்பு முக்காலியைப் போட்டு, கையில் மீட்டருடன் குனிந்து, "காலை இதுமேல வைங்கம்மா" என்பான். அவனோடு படித்த ஒருவன் ஜெர்மனியில் ரயிலை அந்தரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான்.

இத்தனைக்கும் ஒரு புது உலோகக் கலவையைக் கண்டுபிடித்த குழுவில் கருணாகரனும் ஒருவன். அந்தக் கலவையில் ஒரு வளையம் செய்து, ஒரு முறை மின்சாரத்தைக் கிளப்பி விட்டால் போதும். பேட்டரி வேண்டாம், வயர் வேண்டாம். உள்ளே தடையே கிடையாது என்பதால் மின்சாரம் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். மின்சாரம் சுற்றினால் காந்தப்புலம் உண்டாகும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். வளையத்தின் பக்கத்தில் திசைகாட்டியைக் கொண்டுபோனால் முள் திரும்பும். முள் திரும்பினால் உள்ளே ஓடுகிறது, திரும்பாவிட்டால் நின்றுவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

ரயில் விடுகிறவர்கள் வருவார்கள், ஸ்கேன் கருவி செய்கிறவர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று குழு காத்திருந்தது. வந்தவர் ஒரு நகைக்கடை முதலாளி. வளையத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இது நிக்கவே நிக்காதா சார்?"

"வளையம் உடையாத வரைக்கும் நிக்காது."

"எத்தனை வருஷம் ஆனாலும்?"

"எத்தனை வருஷம் ஆனாலும்."

"அப்ப இது மெட்டி சார்" என்றார் அவர்.

அப்படித்தான் 'அணையா மெட்டி' வந்தது. சாதாரண மெட்டிக்கு வாய் திறந்திருக்கும், விரலுக்குத் தக்கபடி நெருக்கிக்கொள்ளலாம். இது முழு வளையம். கல்யாணத்துக்கு முன்பே பெண்ணின் கால்விரலை அளவெடுத்துச் செய்வார்கள். மேடையில் அம்மிக்கு அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். மாப்பிள்ளை பெண்ணின் காலை அம்மிமேல் தூக்கி வைத்து மெட்டி போடுவார். கம்பெனி ஆள் பொத்தானை அமுக்குவான். மெட்டிக்குள் மின்சாரம் ஓட ஆரம்பிக்கும். திசைகாட்டியைக் கிட்டே கொண்டுபோனால் முள் திரும்பும், சொந்தக்காரர்கள் கை தட்டுவார்கள், போட்டோகிராபர் மட்டும் இன்னொரு முறை செய்யச் சொல்வார்.

'மனம் மாறாதவரை மின்சாரம் மாறாது' என்று விளம்பரம் எழுதியவர் நல்ல மனிதர். அந்த வரியால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கருணாகரனுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. முதலாளியிடம் போய்ச் சொன்னான்.

"சார், இது ஐம்பத்திரண்டு டிகிரிக்கு மேல தாங்காது. சூடு அதைத் தாண்டினா இதுவும் சாதா உலோகம்தான். ஓடிட்டிருந்த மின்சாரம் அப்பவே போயிடும். திரும்ப ஆறினாலும் தானா வராது."

"கால்ல யாரு சார் நெருப்பு வச்சுக்கப் போறாங்க?"

கருணாகரனுக்கும் அது சரியென்றே பட்டது. அவன் தண்ணீர் குடிக்க மட்டுமே சமையலறைக்குள் போகிறவன். கோயிலுக்கும் செருப்பு விடும் இடம் வரைக்கும்தான் போவான். 'அதிக வெப்பத்தைத் தவிர்க்கவும்' என்று நெய் பாட்டிலில் போடுவது போலப் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டார்கள். அதோடு அவன் மனசாட்சியும் அடங்கிவிட்டது.

ஒரே வருஷத்தில் பூஜைக் கடைகளில் குங்குமத்துக்குப் பக்கத்தில் திசைகாட்டி விற்க ஆரம்பித்தது. பிறகு அதுவும் தேவைப்படவில்லை, கைப்பேசியிலேயே முள் வந்துவிட்டது. மாமியார் பார்த்தாள், நாத்தனார் பார்த்தாள், புருஷன் பார்த்தான். முள் திரும்பாத வீடுகளில் குரல்கள் உயர்ந்தன. புகார்கள் குவிந்ததும், வீட்டுக்கே போய் மீட்டர் வைத்துத் தீர்ப்பு சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று முதலாளி முடிவு செய்தார். படித்தவர் சொன்னால் எடுபடும் என்று கருணாகரனை அனுப்பினார்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் கருணாகரன் முதலில் பார்த்தது கதவோரம் இருந்த பெட்டியைத்தான். சக்கரம் வைத்த நீலப் பெட்டி, கைப்பிடி இழுத்துவிட்டபடி தயாராக நின்றது. பெட்டி தயாராக இருக்கும் வீடுகளை அவன் நிறையப் பார்த்துவிட்டான்.

பெட்டிக்கு உரியவள் யாமினி, அந்த வீட்டு மருமகள். அவளைக் கூட்டிப்போக அரக்கோணத்திலிருந்து வரவழைக்கப்பட்ட அவள் அப்பா தணிகாசலம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மாமனார் பூபாலன் செய்தித்தாளை விரித்து அதற்குள் மறைந்திருந்தார். மாமியார் சுகந்தி சமையலறை வாசலில் நின்றாள். புகார் கொடுத்தவன் யாமினியின் கணவன் நிரஞ்சன். உரக் கம்பெனியில் விற்பனைப் பிரிவு, நாள் முழுக்க பைக்கில் சுற்றும் வேலை.

"நான் சந்தேகப்படற ஆளு இல்ல சார்" என்று நிரஞ்சன் ஆரம்பித்தான். சந்தேகப்படுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "சும்மா ஒரு நாள் போனை வச்சுப் பாத்தேன். முள்ளு அசையலை. இன்னொரு கால்லயும் அசையலை. அவளுக்கு என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாம். இப்படி மனசுக்குள்ள வச்சுக்கிட்டு..."

"பாக்கறேன்" என்று கருணாகரன் முக்காலியைப் போட்டான்.

யாமினி காலை வைத்தாள். பாதத்தின் ஓரத்தில் தோல் உரிந்து ஆறிப்போன தழும்புகள். மீட்டர் இரண்டு மெட்டிக்கும் பூஜ்யம் காட்டியது. நிரஞ்சன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். தணிகாசலம் குனிந்துகொண்டார்.

"கால்ல என்னம்மா தழும்பு?"

"கொப்புளம் சார். சித்திரையில வந்தது" என்றாள் யாமினி. "கொழந்தைக்காக வேண்டிக்கிட்டு, உச்சி வேளையில பிரகாரம் சுத்தினேன். செருப்பில்லாம."

கருணாகரனுக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. இதற்குத்தான் அவன் ஏங்கிக்கொண்டிருந்தான். "அப்ப விஷயம் முடிஞ்சுது. சித்திரை வெயில்ல அந்தக் கல்லுல தோசை ஊத்தலாம். இந்த மெட்டி ஐம்பத்திரண்டு டிகிரி தாண்டினா நின்னுடும். சூட்டுலதான் நின்னிருக்கு. உங்க மனைவி மனசுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

தணிகாசலம் நிமிர்ந்தார். நிரஞ்சன் சிரித்தான்.

"அம்மாவும்தானே சார் கூட சுத்தினாங்க? அதே கோயில், அதே வெயில். அம்மா மெட்டி ஓடுதே. நேத்துக்கூட முள்ளு சுத்திக்கிட்டு நின்னுச்சு."

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் அம்மாவுக்கும் அணையா மெட்டி போட்டதாகவும், அது இன்றுவரை ஓடுவதாகவும் நிரஞ்சன் சொன்னான். ஒரே கல்லில் நடந்த இரண்டு மெட்டிகளில் ஒன்று நின்று ஒன்று ஓடினால், சூடு என்று எவன் நம்புவான்? கருணாகரனே நம்பமாட்டான்.

"உங்க மெட்டியையும் பாத்துடறேன்மா" என்றான்.

சுகந்தி தயங்கித்தான் வந்தாள். மீட்டரைக் கிட்டே கொண்டுபோனதும் அளவு எகிறியது. கம்பெனி மெட்டி எதுவும் அவ்வளவு காட்டாது. அதைப் போலப் பல மடங்கு. அது மட்டுமில்லாமல், மெட்டி அவன் கண்ணெதிரிலேயே முக்காலியின் இரும்புச் சட்டத்தை நோக்கிச் சற்று இழுத்துக்கொண்டது. கருணாகரன் நிமிர்ந்து பார்த்தான். சுகந்தி புடவை நுனியை இழுத்துக் காலை மூடினாள்.

"இதைக் கொஞ்சம் தனியா வச்சுப் பாக்கணும். இங்க ஃபேன் மோட்டார் தொந்தரவு பண்ணுது" என்றான் கருணாகரன். முனைவர் பட்டம் இப்படிச் சமயத்தில் உதவும். சொன்னதை யாரும் மறுத்துக் கேட்பதில்லை.

சமையலறையில் சுகந்தி குழாயைத் திறந்துவிட்டாள், பேச்சு வெளியே கேட்காதபடி.

"கைப்பை பொத்தான் சார்" என்றாள் மெதுவாக. "மூடினா டப்னு ஒட்டிக்குமே, அது. மெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கேன்."

"உங்களுது எப்ப நின்னுது?"

"போட்ட வருஷமே. கஞ்சி வடிக்கறப்ப கால்ல கொட்டிக்கிச்சு. மறுநாள் விளக்குப் பூஜையில ஒருத்தருக்கொருத்தர் வச்சுப் பாத்தாங்க பாருங்க, எனக்கு உசிரே போயிடுச்சு. அன்னைக்கு ஏதோ சொல்லித் தப்பிச்சேன். அப்புறம் இது. இப்ப எங்க பூஜைக் குழுவுல பாதிப் பேருக்கு நான்தான் ஒட்டிக் குடுத்திருக்கேன். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டிருக்கா. வீட்ல ஒரு கைப்பைக்கும் பொத்தான் இல்ல."

கருணாகரனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். உடனே கோபமும் வந்தது. "பாதி ஊருக்கு ஒட்டிக் குடுத்தீங்க. மருமகளுக்கு ஒட்டித் தர்றதுக்கு என்ன?"

"எப்படி சார்? மாமியார் போய் மருமககிட்ட, என் மெட்டி செத்துப்போச்சு, உன்னுதும் செத்திருக்கும், வா ஒட்டலாம்னு சொல்வாளா? இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவன் போனை வச்சுட்டான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சார், ஒண்ணு கேக்கறேன். இந்தக் காந்தத்துல ஓடறது மின்சாரம் இல்லையா?"

யாரும் அவனிடம் கேட்காத கேள்வி. நான்கு வருஷமாகக் கால்களைப் பார்த்தவனுக்கு, திடீரென்று தான் படித்தது ஞாபகம் வந்தது.

"காந்தத்துலயும் மின்சாரம்தாம்மா. எந்தப் பொருளை எடுத்தாலும் அணுவுக்குள்ள எலக்ட்ரான் சுத்திக்கிட்டேதான் இருக்கு. இந்தக் கரண்டியில, அந்தக் குழாயில, எல்லாத்துலயும். சுத்தற ஒவ்வொண்ணும் ஒரு குட்டி மெட்டி மாதிரி. ஆனா ஒண்ணு இந்தப் பக்கம் சுத்தினா இன்னொண்ணு அந்தப் பக்கம் சுத்தி, ஒண்ணையொண்ணு அடிச்சுடும். காந்தத்துல மட்டும் எல்லாம் ஒரே பக்கமா சேந்து சுத்துது. மொத்தமா பாத்தா, அதோட விளிம்பைச் சுத்தி ஒரு மின்சாரம் ஓடற கணக்குதான்."

"அதை யாரு கிளப்பி விட்டது?"

"சுத்தறதை யாரும் கிளப்பி விடலை. அது தானாவே சுத்துது. ஒரே பக்கமா திருப்பி விட்டதுதான் தொழிற்சாலைக்காரன்."

"வெயில்ல நிக்காதா?"

"வேலூர் வெயிலுக்கெல்லாம் அசையாது."

சுகந்தி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். "அப்ப என் மெட்டியில ஓடுதுன்னு சொன்னது பொய்யில்ல."

"இல்லம்மா. நான் கம்பெனி ஆப்ல 'ஓடுகிறது'ன்னு அமுக்கலாம். விஞ்ஞானம் ஒத்துக்கும்." கருணாகரன் நிறுத்தினான். "ஆனா நான் அதை அமுக்கினா, வெளியில அந்தப் பொண்ணு பெட்டியைத் தூக்கணும். உங்களைக் காட்டிக்குடுத்து அவளைக் காப்பாத்தறதுக்கும் எனக்கு மனசு வரலை. நீங்கதான் சொல்லணும்."

சுகந்தி குழாயை மூடினாள். "காபி போட்டுக்கிட்டு வரேன். நீங்க போய் உக்காருங்க."

கூடத்துக்குத் திரும்பிய கருணாகரன் என்ன சொல்வது என்று தெரியாமல் திசைகாட்டியை எடுத்துத் துடைத்தான். நிரஞ்சன் எதிரில் சாய்ந்து உட்கார்ந்து விரலால் நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்த விரலில் ஒரு மோதிரம். கருணாகரனுக்கு அதைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. கம்பெனி ஆரம்பத்தில் ஆண்களுக்கும் ஒரு மோதிரம் செய்தது. தனியாக விற்றபோது ஒருவரும் வாங்கவில்லை. பிறகு மெட்டியோடு இலவசமாகச் சேர்த்துக் கொடுத்துத் தீர்த்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த மோதிரத்தைச் சோதிக்கச் சொல்லி ஒரு புகாரும் வந்ததில்லை.

"அது எங்க மோதிரம்தானே? கையைக் கொஞ்சம் குடுங்க."

"இதையா? இதை எதுக்கு சார்?"

"ஜோடியா பாத்தாத்தான் முழுசா பாத்த மாதிரி."

நிரஞ்சன் கையை நீட்டினான். மீட்டர் பூஜ்யம். கருணாகரன் மீட்டரை அவன் பக்கம் திருப்பிக் காட்டினான். பிறகு யாமினியின் அப்பாவுக்கும் காட்டினான்.

"அட, அது பைக்ல போயிருக்கும் சார்" என்றான் நிரஞ்சன் சற்றும் தயங்காமல். "வெயில்ல நிறுத்திட்டு வந்து எடுத்தா பிரேக் லீவரைத் தொடவே முடியாது. கை பொத்துப் போயிடும். நீங்களே சொன்னீங்களே, ஐம்பத்திரண்டு டிகிரின்னு. அது சாதாரணமா தாண்டும்."

தணிகாசலம் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பூபாலனின் செய்தித்தாளில் பக்கம் திரும்புவது நின்றது. தான் சொன்னது தன் காதிலேயே விழ நிரஞ்சனுக்குக் கொஞ்சம் நேரமானது. விழுந்ததும், "அது வேற சார்" என்றான். என்ன வேறு என்று சொல்லவில்லை.

காபித் தட்டோடு வந்த சுகந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்க வேண்டும். தட்டை மேஜையில் வைத்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து முக்காலியில் காலை வைத்தாள். புடவை ஊக்கை எடுத்து மெட்டிக்கு அடியில் விட்டு நெம்பினாள். வட்டமாக ஒரு பொத்தான் தெறித்து, முக்காலியின் இரும்புக் காலில் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது.

"இப்ப உன் போனை வைடா" என்றாள் மகனிடம்.

அவன் வைக்கவில்லை.

"வையேன். நின்னு போய் வருஷமாச்சு. உன் கணக்குப்படி எனக்கும் மனசு மாறிப்போச்சு. உங்கப்பா எதிர்ல வச்சுப் பாரு." முக்காலியிலிருந்து காலை எடுக்கவில்லை.

பூபாலன் செய்தித்தாளை மடித்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து கருணாகரன் அவர் முகத்தை அப்போதுதான் முழுதாகப் பார்த்தான்.

"எனக்கு எப்பவோ தெரியும்" என்றார் அவர். "பீரோ சாவி காணோம்னு வீடு பூரா தேடினோமே, அன்னைக்கு. உன் கால்ல ஒட்டிக்கிட்டு வந்துச்சு."

சுகந்தி திகைத்துப் போனாள். "தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"என்னத்தைக் கேக்கறது? சாவிதான் கெடச்சுடுச்சே."

சுகந்தி சிரித்தாள், அதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தணிகாசலம் ஆளுக்கொரு காபியை எடுத்துக் கொடுத்தார், தன் வீடு மாதிரி. ஒரு வழியாக விஷயம் முடிந்தது என்று கருணாகரனும் தம்ளரை எடுத்துக்கொண்டான்.

நிரஞ்சனும் அப்படித்தான் நினைத்தான். "சரி, எல்லாம் சூடுதான். தப்பா நெனச்சுட்டேன், விடுங்க. சார், நீங்க எங்க ரெண்டு பேருதையும் திரும்ப ஓட விட்டுடுங்க. பழைய மாதிரி ஆயிடும்."

கருணாகரன் பையிலிருந்து கம்பிச் சுருளை எடுத்தான். திரும்ப ஓட வைப்பதற்குக் கம்பெனி ஒரு விதி வைத்திருந்தது. மனைவியின் மெட்டிக்குக் கணவனின் கைரேகை வேண்டும். மென்பொருள் எழுதியவன் சோம்பேறி. ஆண்களுக்கென்று தனியாக எழுதாமல் அதையே மோதிரத்துக்கும் திருப்பிப் போட்டுவிட்டான். மோதிரத்துக்கு மனைவியின் கைரேகை. நிரஞ்சன் முந்திக்கொண்டு கருணாகரனின் கைப்பேசியில் கட்டைவிரலை வைத்து அமுக்கினான்.

"யாமினி, காலை வை" என்றான்.

யாமினி காலை வைக்கவில்லை. முக்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, இரும்பில் ஒட்டியிருந்த பொத்தானைப் பிய்த்து எடுத்து மாமியாரின் கையில் வைத்தாள். பிறகு கருணாகரனைப் பார்த்துப் பேசினாள்.

"சார், என்னுது சித்திரையிலயே நின்னுடுச்சு, இல்ல?"

"ஆமாம்மா. பிரகாரத்துலயே."

"இவரு போனை வச்சுப் பாத்தது ஆடி பொறந்தப்புறம். நடுவுல வைகாசி, ஆனி. அப்ப நாங்க நல்லாத்தான் இருந்தோம். ஏலகிரி போயிட்டு வந்தோம். எனக்குக் காய்ச்சல்னு இவரு ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தாரு. மின்சாரம் நின்னு போனது இவருக்குத் தெரியவேயில்ல சார். எனக்கும் தெரியலை. முள்ளைப் பாத்தப்புறம்தான் இவருக்கு என்னைத் தெரியாமப் போயிடுச்சு."

நிரஞ்சன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள் என்று கருணாகரனுக்குத் தோன்றியது, ஒரு வார்த்தை வந்திருந்தால் நின்றிருப்பாள். "அதான் சாரி சொல்லிட்டேனே" என்றான் நிரஞ்சன். அவன் சொல்லவில்லை என்பது கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

யாமினி குனிந்து இரண்டு மெட்டியையும் கழற்றிக் காபித் தட்டில் வைத்தாள். மாமனாரின் அருகில் போய் நின்று தலையசைத்தாள். "போயிட்டு வரேன் அத்தை" என்றாள். அதைச் சுகந்தியிடம் மட்டும்தான் சொன்னாள். தணிகாசலம் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். சுகந்தி தடுக்கவில்லை, வாசல் வரை கூடவே போனாள்.

பெட்டியின் சக்கரம் தெருவில் உருளும் சத்தம் கேட்டது. நிரஞ்சன் மோதிரத்தைக் கழற்றிச் சுருளின் நடுவில் வைத்தான். ஏன் வைத்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. "இதையாவது ஓட விடுங்க சார்" என்றான். கருணாகரனுக்கு அவன்மேல்கூட இரக்கமாக இருந்தது.

கருணாகரன் சுருளின் பொத்தானை அமுக்கினான். 'துணைவியின் கைரேகையை வைக்கவும்' என்று கைப்பேசி கேட்டது. வெளியே ஒரு ஆட்டோ கிளம்பிப் போனது. இருவரும் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மோதிரத்துக்குப் பக்கத்தில் திசைகாட்டி இருந்தது. முள் எந்தப் பக்கமும் திரும்பாமல், வழக்கம்போல வடக்கைக் காட்டியது.